பழைய லயத்துக்குப் போன கடிதம்

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளின் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு லயத்து விலாசத்தின் அருமை தெரியும். ஒரு குடும்பம் கீழ் டிவிஷனிலிருந்து மேல் டிவிஷனுக்கு மாறிவிட்டால், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வரும் கடிதம் சில காலம் பழைய லயத்துக்கே வந்து நிற்கும். ஆயினும் அடுத்த வீட்டுப் பாட்டி ஒருத்தி, "அவங்க மேல போயிட்டாங்கய்யா" என்று கைகாட்டி விடுவாள். கணினி உலகத்தில் அந்தப் பாட்டி இல்லை. நான் சொல்ல வந்த சங்கடத்துக்கு அதுவே மூலகாரணம்.

நாம் தட்டும் பெயரை எண்ணாலான முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்னும் பெயரேட்டை 1983இல் பால் மோக்காபெட்ரிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி வகுத்தார். சொந்த அறையில் சொந்த யந்திரம் இருந்த காலத்தில் அந்த முகவரி வருஷக்கணக்கில் மாறாதிருந்தது. இன்றோ மும்பையிலோ ஹைதராபாத்திலோ உள்ள கிளவுட் சர்வரை வாடகைக்கு எடுத்து, சிக்கனம் கருதி இரவில் நிறுத்திக் காலையில் இயக்குகிறோம். நிலையான முகவரி வாங்கி வைக்காதவருக்கு அப்போது வேறு முகவரி வந்து விடுகிறது, ஏட்டிலோ பழையதே நிற்கிறது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் என் உறவினர் நடத்தும் சிறு வியாபாரத்துக்கு நேர்ந்தது இதுவே. மூன்று நாள் "சர்வர் டவுன்" என்று சொல்லி ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டார்களேயன்றி, ஏட்டைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பார்ப்பதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம்: என்எஸ்லுக்கப் என்ற கட்டளையால் பெயரேட்டின் மூல சர்வரையே நேரில் கேட்டு, அது சொல்லும் எண்ணைக் கிளவுட் கணக்கில் தெரியும் எண்ணோடு ஒப்பிட்டால் போதும். ஒத்துப்போகாவிட்டால் பதிவு பிழை. ஒத்துப்போயும் ஊரில் திறக்கவில்லையென்றால், இடையிலுள்ள சர்வர்கள் பழைய விடையை ஞாபகத்தில் வைத்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். அந்த ஞாபகத்துக்கு 86,400 விநாடி, அதாவது ஒரு முழு நாள், கெடு வைத்திருந்தபடியால், திருத்திய பிறகும் பாலக்காட்டில் திறந்த பக்கம் மூணாற்றில் மறுநாள்தான் திறந்தது. இடம் மாறுவதற்கு முந்தின நாளே கெடுவை 300 விநாடியாகக் குறைத்திருந்தால் இந்த அவஸ்தை இல்லை.

திறக்காமற்போவது சிறிய நஷ்டமே. நாம் விட்ட முகவரியை வாடகைக் கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்துவிடுமாதலால், நம் பெயரை நம்பி வருகிறவர் அந்நியன் வாசலில் போய் நிற்கிறார். அந்த அந்நியன் துஷ்டனாயிருந்தால், நம் பெயருக்கே பாதுகாப்புச் சான்றிதழும் வாங்கிக்கொண்டு, வருகிறவரின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கவும் கூடும்.

ஏழை வியாபாரிக்கு மட்டும் நேரும் விபத்தல்ல இது. 2025 அக்டோபர் 20, தீபாவளி நண்பகலில், அமேசானின் வர்ஜீனியா மையத்தில் ஏட்டைப் புதுப்பிக்கும் இரண்டு தானியங்கி நிரல்கள் ஒன்றையொன்று முந்தியதில், பழைய திட்டம் புதியதன்மேல் எழுதப்பட்டு, பிறகு அதுவும் அழிக்கப்பட்டு, டைனமோ டிபி என்னும் சேவையின் பெயருக்கு எதிரே முகவரியே இல்லாமற்போயிற்று. மூன்று மணி சுமாருக்குப் பெயர் மீண்டது. அதன் விளைவுகள் நம் கணக்கில் மறுநாள் விடியற்காலை வரை நீடித்தன.

அவர்களிடமாவது இரவுபகலாகப் பார்க்க ஆள் இருந்தது. எல்லைப்புறத்துப் பஞ்சாயத்துகளும் கூட்டுறவுச் சங்கங்களும் பள்ளிகளும் இணையதளம் அமைக்க ஒப்பந்தம் போடும்போது, பெயரேட்டின் திறவுகோல் யார் கையில் இருக்கும் என்பதை அந்தக் காகிதத்திலேயே எழுதி வாங்கவேண்டும் என்பது என் கட்சி. நிலையான முகவரிக்கு ஆகும் செலவைக் கண்டு மலைப்பதும் அநாவசியம்: 2024 பிப்ரவரி முதல் அமேசான் விதித்துள்ள மணிக்கு 0.005 டாலர் என்பது மாதத்துக்கு முந்நூறு ரூபாய்ச் சொச்சந்தான்.

என் உறவினர் நிலையான முகவரி வாங்கிவிட்டார். பெயரேட்டின் கடவுச்சொல் மட்டும், அன்று தொலைபேசியில் தேடிப் பிடித்துத் திருத்தச் சொன்ன, கோயமுத்தூருக்கு வேலைமாறிப் போய்விட்ட பையனிடமே இன்னும் இருக்கிறது.