குரல்நாண் முடிச்சு: கத்திக்கு முன் பயிற்சி

ஆலைக்கு ஷிப்டு வேலைக்குச் சென்று, பிரஸ் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே குரலெழுப்பி ஆள்களை ஏவும் மேற்பார்வையாளருக்கும், நெரிசலான வகுப்பறையில் நாள் முழுவதும் உரக்கப் பாடம் நடத்தும் ஆசிரியைக்கும் பொதுவாக வரக்கூடிய தொண்டைக் கோளாறு குரல்நாண் முடிச்சு. சுற்றுப்புற ஓசை கூடும்போது பேசுபவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்திவிடுகிறார் என்பதை பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911இல் எடுத்துக்காட்டினார். இரைச்சல் மிகுந்த இடங்களில் வேலை செய்வோரின் தொண்டை நாள்தோறும் படும் பாடு அதுவே.

குரல்வளையிலுள்ள இரு நாண்களும், பேசும்போது ஆண்களுக்கு நொடிக்கு ஏறத்தாழ 120 முறையும் பெண்களுக்கு 200 முறையும் ஒன்றோடொன்று மோதுவதால், மோதல் மிகுதியாக விழும் இடத்தில், அதாவது நாணின் முன் மூன்றிலொரு பகுதி முடியுமிடத்தில், கருவி பிடிக்கும் கையில் காய்ப்பு விழுவதுபோல, இருபுறமும் எதிரெதிராகத் தடிப்பு உண்டாகிறது. நாண்கள் மூடும்போது முதலில் இத்தடிப்புகளே முட்டிக்கொள்ள, முன்னும் பின்னும் விடப்படும் இடைவெளியில் காற்று கசிந்து குரல் கம்மிப்போகிறது. பெண்களுக்கு இம்முடிச்சு மிகுதியாக வருவதற்கு மோதலின் எண்ணிக்கையும் ஒரு காரணம்.

முடிச்சை வெட்டியெடுப்பதா, குரல் பயிற்சியால் கரைப்பதா என்ற கேள்விக்கு விடை தேடிய காக்ரேன் அமைப்பின் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு, 2012இல் புதுப்பிக்கப்பட்டபோதும், இரண்டையும் முறையாக ஒப்பிட்ட சோதனை ஒன்றுகூடத் தகுதி பெறவில்லை என்றே அறிவித்தது. ஆயினும் மருத்துவ நடைமுறை பயிற்சியையே முதலில் வைக்கிறது, அதுவே சரியானது. மயக்க மருந்து கொடுத்து, வாய்வழியே நுண்நோக்கியின் துணையுடன் செய்யப்படும் அறுவை, மேற்படலத்தைத் தாண்டி ஆழமாகச் சென்றுவிட்டால் தழும்பு ஏற்பட்டு நாண் விறைத்துப்போகும். அந்தக் குரலை மீட்பது மிகக் கடினம். மேலும், முடிச்சை உண்டாக்கிய பேச்சுப் பழக்கத்தைக் கத்தி தொடுவதேயில்லை என்பதால், அறுவைக்குப் பின்னும் பயிற்சி பெறாதவருக்கு அது மீண்டும் முளைக்கக்கூடும். சில மாதப் பயிற்சிக்கும் இளகாத, நாட்பட்டுக் கெட்டியான முடிச்சுக்கே அறுவை பொருந்தும்.

பயிற்சி என்பது வாய்மூடி இருப்பதன்று. மூச்சின் துணையோடு இறுக்கமின்றிப் பேசவும், அடிக்கடி தொண்டையைச் செருமுவதைக் கைவிடவும், போதிய தண்ணீர் குடிக்கவும் பழகுவது. கிசுகிசுப்பாகப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று பலர் நம்புவது தவறு, அதுவும் நாண்களுக்குச் சுமையாகலாம். பனங்கற்கண்டும் அதிமதுரமும் தொண்டைக்கு இதமளிக்கும், முடிச்சைக் கரைக்கா. வகுப்பறைக்கு ஒரு சிறு ஒலிபெருக்கியும், பட்டறையில் கத்துவதற்கு மாற்றாகச் சைகைகளும் விளக்குகளும் எந்த மருந்தினும் மேலானவை என்பதைப் பள்ளிகளும் ஆலைகளும் ஏற்கவேண்டும்.

குரல் கம்மல் மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதுவும் புகையிலைப் பழக்கமுள்ளவர்க்கு, அது புற்றுநோயாகவும் இருக்கலாம். ஆகவே அறுவையா பயிற்சியா என்று எண்ணுமுன், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று குரல்வளையைக் காட்டிவிடுங்கள்.