எல்லைக்கு அப்பால் கண்டவர் யார்?

“பகுத்தறிவு, பகுத்தறிவு என்கிறீர்களே! அறிவுக்கு ஓர் எல்லை இல்லையா? கிரேக்கப் பேரறிஞர் சாக்ரடீசே தமக்கு ஒன்றும் தெரியாதென்று கைவிரித்தாரே! எல்லைக்கு அப்பால் இருப்பதை நம்பித்தானே ஆகவேண்டும்?”

கேள்வி கேட்கும் இளைஞனை உட்காரவைக்க ஆத்திக நண்பர்கள் கையாளும் கணை இது. சாக்ரடீசை நாமும் படித்திருக்கிறோம் என்பதை நண்பர்கள் மறந்துவிட்டனர்!

அவர் கைவிரித்தது எதற்கு? ஏதென்ஸ் நகரின் அரசியல்வாணரை, கவிஞரை, கைவினைஞரைத் தேடிச் சென்று கேட்டார். கைவினைஞருக்குத் தொழில் தெரிந்திருந்தது, அதை ஒப்புக்கொண்டார். அந்தத் தெம்பில் தெரியாததையும் தெரிந்ததாக எண்ணினரே, அதைத்தான் இடித்துரைத்தார். பக்தி என்றால் என்ன என்று யூதிப்ரோவைக் கேட்டார். தேவ காரியமெல்லாம் தமக்கு அத்துப்படி என்று மார்தட்டிய அந்த மனிதர், முடிவில் வேலையிருக்கிறது என்று நழுவினார்! சாக்ரடீஸ் நாத்திகர் அல்லர்; தம்முள் தெய்வக்குரல் கேட்டதாகவே கூறியவர். அதை மறைத்து அவரை நம்மவராக்க நாம் விரும்பவில்லை. அவருடைய கேள்வி நமக்குப் போதும்.

புரோட்டகோரஸ் இன்னும் துணிந்தார். கடவுளர் உண்டா இல்லையா என்பதை அறியத் தம்மால் இயலாது. பொருளோ தெளிவற்றது, வாழ்நாளோ குறுகியது என்றார். ஆகவே நம்பு என்றாரா? இல்லை. அவருக்கும் முன்பே செனோபனீஸ், குதிரைக்குக் கையிருந்தால் கடவுளைக் குதிரையாகவே வரையும் என்று நகைத்தார். முழு உண்மையை எவரும் கண்டதில்லை, ஆயினும் தேடுவோர் காலப்போக்கில் மேலானதைக் காண்பர் என்பதும் அவர் கருத்தே.

மாறாத மெய்ம்மையைத் தத்துவஞானி கண்டுவிடலாம், கண்டவரே ஆளவேண்டும் என்றவர் பிளேட்டோ. விளைந்தது என்ன? மக்கள் பிறவியிலேயே பொன்னும் வெள்ளியும் இரும்பும் வெண்கலமும் கலந்து படைக்கப்பட்டவர் என்ற கதையை, பொய்யென அறிந்தே பரப்பச் சொல்கிறது அவரது ‘குடியரசு’. ‘சட்டங்கள்’ நூலின் பத்தாம் பகுதியோ, தீய நடத்தை ஏதுமில்லாத நாத்திகனுக்கும் ஐந்தாண்டுக்குக் குறையாத சிறை என்கிறது. மீண்டும் அதே குற்றமானால் மரணம்! கி.மு. 399-இல், நகரத் தெய்வங்களை ஏற்காதவர், இளைஞரைக் கெடுத்தவர் என்று தம் ஆசானுக்கு நஞ்சு தரப்பட்டதைக் கண்டவர் வகுத்த சட்டம் இது!

அறிவுக்கு எல்லை உண்டு என்கிறீர்களா, நண்பர்களே? ஒப்புக்கொள்கிறோம். அந்த எல்லைக்கு அப்பால் இருப்பவருக்கு எத்தனை முகம், எத்தனை கை, எந்த நாளில் என்ன படையல் என்பதெல்லாம் உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?