வெயிலும் ஒரு விளைச்சலே

இராமநாதபுரம் மாவட்டத்தில் மழை குறைவு, வெயிலோ மிகுதி. கமுதியில் 2016-ஆம் ஆண்டில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் எழுந்தது. நிலத்தை விற்றவர்க்கு விலை ஒருமுறையே கிட்டும். மின்சாரமோ ஆண்டுதோறும் விளையும்.

அதே ஆண்டில் குஜராத்தின் துண்டி கிராமத்து உழவர் சிலர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, சூரிய பம்புகளால் பாசனம் செய்து, மிஞ்சிய மின்சாரத்தை விற்கலாயினர். 2019-இல் வந்த மத்திய அரசின் குசும் திட்டமும், தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சங்கங்களே நிலையம் அமைக்க இடமளித்தது. மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் போதும்.

நஞ்சையைத் தொடலாகாது, துணை மின்நிலையத்தை அடுத்த தரிசே தக்கது. தறிக்கூடங்களின் கூரைகளும் பயன்படும். தனியொருவரால் ஆகாதது சங்கத்தால் ஆகும் என்பதே நமது துணிபு. நிலத்தை விற்குமுன் அங்கத்தினர்கள் பொதுக்குழுவில் இதனை ஆராய்வார்களாக!