முத்திரைத்தாள் பூச்சாண்டி

சோளிங்கரிலிருந்து ராணிப்பேட்டைக்குப் போய், அங்கொரு செருப்புத் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் சாம்பிள் காட்டி ஆர்டர் பிடித்துக் கொடுத்துவந்த தோழர் ஒருவர், வேலையை விட்டு நான்கு மாதமாய் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஆம்பூரில் வேலை கொடுக்க ஆள் இருந்தும் போகத் தைரியமில்லை. காரணம், வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த முத்திரைத்தாளாம். விலகியபின் 2 வருஷத்திற்கு இதே தொழிலில் சேரக்கூடாது. பழைய வாடிக்கைக்காரரிடம் ஆர்டர் கேட்கக்கூடாது. கூட வேலை செய்தவர்களை இழுக்கக்கூடாது என்று அதில் கண்டிருக்கிறது. "படித்துப் பார்த்தீரா?" என்று கேட்டோம். "போட்டால்தான் கேட் பாஸ் என்றார்கள்" என்றார்.

இந்த 2 வருஷமும் அவர் குடும்பம் எதைச் சாப்பிடும் என்பதற்கு ஒரு வரியாவது உண்டா என்று பத்திரம் முழுவதும் தேடினோம். கிடையாது. தோல் வேலை என்றாலே தீட்டென்று ஒதுங்கிய நாட்டில், அத்தொழிலைக் கற்றவனை இப்பொழுது அதிலிருந்தும் ஒதுக்கி வைக்கப் பார்க்கிறார்கள் போலும்!

சட்டமோ வேறு விதமாயிருக்கிறது. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவன் நியாயமான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவில் செல்லாது என்கிறது. வியாபாரத்தை அதன் நற்பெயரோடு விற்றவனுக்கு மாத்திரந்தான் விலக்கு. 1874-ல் கல்கத்தாவில், பக்கத்துப் பித்தளைக் கடையை மூடிவிட்டால் அவன் கூலியாட்களுக்குக் கொடுத்திருந்த முன்பணம் 900 ரூபாயைத் தானே தந்துவிடுவதாக ஒரு வியாபாரி எழுதிக் கொடுத்தான். கடையை மூடியவன் பணம் கேட்டு வழக்காட, அந்த ஒப்பந்தமே செல்லாதென்று ஹைக்கோர்ட்டு தள்ளிவிட்டது. 2006-ல் கிரிக்கெட் ஆட்டக்காரர் ஜாகிர் கான் வழக்கிலும், ஒப்பந்தக் காலம் முடிந்தபின் நீளும் கட்டு செல்லாதென்றே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்குத் திரும்பாவிட்டால் ஜெயில் என்ற 1859-ம் வருஷத்துச் சட்டமே 1925-ல் ஒழிக்கப்பட்டாய்விட்டது.

நிற்க. எல்லாம் செல்லாது என்று நாம் சொல்ல வரவில்லை. வேலையில் இருக்கும்போதே எதிர்க்கடைக்கு ஆர்டர் பிடிப்பது மோசடி. டிசைனையும் விலைப் பட்டியலையும் திருடிப் போவதும் அப்படியே. 3 வருஷத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற வங்கி ஒப்பந்தம் செல்லுமென்று 2025-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னதும் உண்மை. வாடிக்கைக்காரரை இழுக்காதே என்ற நிபந்தனையைச் சில கோர்ட்டுகள் ஏற்பதுமுண்டு. ஆனால் அங்கேயும், இவனே தேடிப்போய் இழுத்தான், அதனால்தான் ஆர்டர் வந்தது என்று ருசுச் செய்ய வேண்டும். வெறும் விலைப்புள்ளியைக் காட்டினால் போதாது என்று சென்னை ஹைக்கோர்ட்டு 2013-ல் சொல்லியிருக்கிறது. ஆட்களை இழுக்கும் விஷயத்தில் 2006-ல் டில்லி ஹைக்கோர்ட்டு, இழுத்த கம்பெனி நஷ்டஈடு கொடுக்கலாமே தவிர, போகிற ஆளைத் தடுக்க முடியாதென்றது.

இவ்வளவும் அந்த முதலாளியின் வக்கீலுக்குத் தெரியாதா? நன்றாய்த் தெரியும். கோர்ட்டில் ஜெயிப்பதற்காகவா எழுதினார்கள்? கோர்ட்டுக்கே வராமல் தொழிலாளி வீட்டில் உட்கார்ந்திருப்பதற்காக எழுதினார்கள். நான்கு மாதமாய் அது பலித்துமிருக்கிறது. தாயத்துக்குப் பயப்படாத தோழர் இந்தத் தாளுக்குப் பயப்படுகிறார்.

நகல் எடுத்துக்கொண்டு வேலூரில் ஒரு வக்கீலிடம் காட்டும்படியும், பழைய கம்பெனியின் காகிதம் ஏதேனும் கையிலிருந்தால் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கும்படியும் சொன்னோம். ஆம்பூர்க்காரர் மாதம் முடியும்வரை காத்திருப்பாராம்.