ஓர் ஆணியை நம்பி ஐந்து தொன்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப் பொழுது. தொண்டைமானாற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால், மணல் ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தின் பெட்டி கழன்றுவிட்டது. வீதியில் இருந்த குழியொன்றில் சில்லு இறங்கி ஏறிய கணத்தில் அது நிகழ்ந்தது. இயந்திரம் முன்னே போய்விட, பெட்டியின் முன்சட்டம் நிலத்தில் குத்தி, தாரைக் கிழித்துக்கொண்டு வீதியின் மறுபக்கம் பாய்ந்து நின்றது. செல்வச் சந்நிதி முருகன் கோயில் பூசைக்குச் சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் பத்தடி இடைவெளியில் தப்பியது. எவருக்கும் காயமில்லை. ஆகவே மறுநாள் எந்தப் பத்திரிகையிலும் அது செய்தியாகவில்லை. நான் பணிபுரிந்த பத்திரிகையிலும்தான்.

சாரதி வீதியோரத்தில் குந்தியிருந்தார். "என்ன தம்பி நடந்தது?" என்று கேட்டேன்.

"பின் முறிஞ்சு போச்சு ஐயா. புதுசா ஒட்டிப் போட்டது. மூண்டு மாசமும் ஆகேல்லை."

அவர் என் கையில் தந்தது கட்டடக் கம்பியில் வெட்டிய ஒரு துண்டு. தலைப்பக்கத்தில் ஒரு வளையத்தை வெல்டிங் செய்திருந்தார்கள். முறிந்த முகத்தைப் பார்த்தேன். பெரும்பகுதி துருவேறிக் கறுத்திருந்தது. ஓர் ஓரத்தில் மாத்திரம் விரல் நகமளவு இடம் பளபளத்தது. அதாவது, வெடிப்பு அன்று தோன்றியதல்ல. ஒவ்வொரு இழுப்பிலும் சிறிது சிறிதாக உள்ளே சென்றுகொண்டிருந்திருக்கின்றது. கடைசி நாளில் அத்தனை பாரத்தையும் இழுத்து வந்தது அந்த நகமளவு இரும்பு.

எத்தனை பாரம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கியூப் மணல் என்பது 100 கன அடி, ஏறத்தாழ 2.8 கன மீற்றர். உலர்ந்த மணலே நாலரைத் தொன்னை எட்டும். ஈரமென்றால் ஐந்தைத் தாண்டும். பெட்டியின் சொந்த எடை வேறு. இதனை இழுக்கின்ற மசி பேர்குசன் 135 போன்ற பழைய இயந்திரத்தின் எடையோ ஏறத்தாழ ஒன்றரைத் தொன். தன்னைப் போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட ஒன்றை அது இழுத்துச் செல்கின்றது. பெருந்தேருக்குச் சிறிய அச்சாணியை வள்ளுவர் உவமை சொன்னார். நாம் குறளை மனனம் செய்தோம், ஆணியை மறந்துவிட்டோம்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1990க்குப் பின்னரான பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருளும் இரும்பும் சீமெந்தும் வரவில்லை. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய காலம் அது. கிடைத்ததை வெட்டி, ஒட்டி, ஓடவைத்த எமது மெக்கானிக்குகளின் திறமையைப் புகழ்ந்து நானும் எழுதியிருக்கின்றேன். அந்தப் புகழுக்கு அவர்கள் தகுதியானவர்களே. ஆனால் வேறு வழியில்லாத காலத்துச் சமாளிப்பு, வழியிருக்கும் காலத்திலும் வழக்கமாகத் தொடர்வதை எப்படிப் புகழ்வது? உரிய ஆணி இன்று உதிரிப்பாகக் கடையில் கிடைக்கின்றது. ஒரு நடை மணல் கூலியோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒரு பொருட்டே அல்ல.

"பலப்படுத்துவது" என்றால் இரும்பைத் தடிப்பாக்குவது என்றே நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அங்கேதான் தவறு தொடங்குகின்றது. கடினமாக்கப்பட்ட உருக்கு ஆணியில் வெல்டிங் வைத்தால் வெப்பம் பட்ட இடம் தன் குணத்தை இழக்கும். வெடிப்பு அங்கிருந்தே புறப்படும். ஆகவே ஆணியை ஒட்டித் திருத்தக்கூடாது, மாற்றவேண்டும். ஆணி துளைக்கு அளவாக இருக்கவேண்டும். துளை தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டால் புதிய ஆணியும் உதவாது. அந்த இடைவெளியில் ஒவ்வொரு குழியிலும் பெட்டி சுத்தியலால் அடிப்பது போல் அடிக்கும். துளைக்குப் புதிய உறை போடவேண்டும், அல்லது தகட்டையே மாற்றவேண்டும். பெட்டிச் சட்டத்தின் நுனி இரு தகடுகளுக்கு நடுவே நுழைந்து, ஆணி மேலும் கீழும் தாங்கப்படுவது நல்லது. ஒரு தகட்டில் மாத்திரம் நிற்கும் ஆணி வளையும்.

சட்டத்துக்கு மேலதிகத் தகடு வைப்பதானால் அது நீளமாக இருந்து, பாரத்தைச் சட்டம் முழுவதற்கும் பரப்பவேண்டும். குறுக்கே ஒட்டாமல் நெடுக ஒட்டவேண்டும். போல்ட்டின் தலையில் 8.8 என்ற எண் இருக்கின்றதா என்று பாருங்கள். சாதாரண 4.6 ரகத்தைவிட அதன் உறுதி இரு மடங்கு. ஒரு கண்ணியை மட்டும் தடிப்பாக்கினால் முறிவு அடுத்த கண்ணிக்கு இடம் மாறும்; அவ்வளவுதான்.

இன்னொன்று உயரம். கொழுவும் இடம் எப்போதும் பின் அச்சுக்குக் கீழே இருக்கவேண்டும். கரையில் வள்ளத்தை இழுக்கவோ சேற்றில் புதைந்த பெட்டியை மீட்கவோ, அச்சுக்கு மேலே கயிற்றைக் கட்டி இழுப்பவர்களைக் கண்டிருக்கின்றேன். பாரம் அசைய மறுத்தால் இயந்திரத்தின் முன்சில்லுகள் எழும்பி, அது பின்புறமாகச் சாரதியின் மேலேயே கவிழும். அதற்கு ஒன்றரை விநாடிகூடத் தேவையில்லை. கிளச்சை மிதிக்கவும் நேரம் இராது.

இத்தனையும் செய்த பின்னரும் ஆணி முறியலாம். அதற்காகத்தான் சங்கிலி. பெட்டியின் முழுப் பாரத்தையும் தாங்கக்கூடிய இரு சங்கிலிகளை, முன்சட்டத்தின் அடியில் குறுக்கும் மறுக்குமாகக் கொழுவவேண்டும். ஆணி முறிந்தாலும் சட்டம் நிலத்தில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும். சங்கிலியை அதே ஆணியில் மாட்டுவதில் பயனில்லை; இயந்திரத்தின் உடலில் தனியே கொழுவவேண்டும். அன்று தொண்டைமானாற்றில் சங்கிலி இருந்திருந்தால் அந்தக் குடும்பம் எதையும் அறியாமலே கோயிலுக்குப் போயிருக்கும்.

புலம்பெயர்ந்த வாசகர்கள் இது ஊர்ப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ரொறன்ரோவில் படகையோ வாடகைப் பெட்டியையோ காரின் பின்னே கொழுவும்போதும் கணக்கு ஒன்றுதான். கொழுக்கி 5,000 இறாத்தலுக்கு உரியதாக இருந்து, அதில் பூட்டிய குண்டு 3,500க்கு உரியதானால், உங்கள் எல்லை 3,500தான். கார் அதைவிடக் குறைவாக இழுக்குமென்றால் அந்த எண்ணே எல்லை. இரண்டு அங்குலக் கிண்ணத்துக்குள் ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலக் குண்டு பொருந்தியது போலவே தோன்றும். முதற் பள்ளத்தில் கழன்றுவிடும். பாரத்தைப் பின்புறம் குவித்தால் பெட்டி பாம்பு போல் நெளியும். மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் கொழுக்கியின் மேல் அமர வேண்டும் என்பது வட அமெரிக்க விதி. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட பெட்டிக்குச் சொந்தத் தடுப்பு வேண்டும். நமது ஐந்து தொன் பெட்டிகளில் எத்தனைக்குத் தடுப்பு இருக்கின்றது?

கடைசியாக என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. "வேகக் கட்டுப்பாட்டை இழந்த உழவு இயந்திரம்" என்ற வாக்கியத்தை எத்தனை தடவை எழுதியிருப்பேன், எத்தனை தடவை திருத்தி அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு தடவையாவது "பெட்டி எப்படிக் கழன்றது?" என்று நிருபரிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால், பழி சாரதியின் மீது மாத்திரம் விழுந்திராது. கம்பியை ஒட்டிக் கொடுத்த பட்டறைக்கும், ஒரு கியூப் கூலிக்கு ஒன்றே கால் கியூப் கேட்ட வீட்டுக்காரருக்கும், கேள்வி கேட்காத எங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அந்த முறிந்த துண்டு இப்போதும் என் மேசையில் இருக்கின்றது. பளபளத்த இடமும் துருப்பிடித்துவிட்டது. அடுத்த தடவை உங்கள் வளவில் மணலோ கல்லோ பறிக்க வரும் பெட்டியின் முன்பக்கம் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். கட்டடக் கம்பி தெரிந்தால், சங்கிலி இல்லாவிட்டால், கூலியைக் கொடுக்கும்போது அதையும் சொல்லி அனுப்புங்கள். பணம் கொடுப்பவர் சொன்னால் கேட்பார்கள்.