எனக்குக் குழம்பே போதும்



சின்ன வயது ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது என் உள்ளங்கைதான். அடுப்பில் கறிக்குழம்பு தளதளவென்று கொதிக்கும். அம்மா கரண்டியில் கொஞ்சம் எடுத்து, இரண்டு தரம் ஊதி, "கையை நீட்டு தங்கம், உப்பு பாரு" என்பாள். நடு உள்ளங்கையில் ஒரு சொட்டு விழும். சுருக்கென்று சுடும். நக்கிப் பார்த்துவிட்டு "இன்னும் கொஞ்சம் போடு" என்றோ "சரியா இருக்கு" என்றோ நான் சொல்ல வேண்டும். சமைக்கிறவள் வாயில் வைத்துப் பார்த்தால் எச்சிலாகிவிடும் என்பது அப்பத்தா வைத்த சட்டம். அதனால் திண்டுக்கல் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் குழம்புக்கு உப்பு பார்க்கும் வேலை ஏழு வயதிலேயே எனக்கு வந்துவிட்டது.

அப்பத்தா கவுச்சி தொடமாட்டாள். தாத்தா இறந்த வருடம் விட்டது. அந்தக் காலத்தில் பல வீடுகளில் கணவனை இழந்த பெண்கள் அப்படித்தான் விட்டார்கள். தாங்களாக விட்டார்களா, விட வைக்கப்பட்டார்களா என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்தபடி, வாசனையை வைத்தே, "இஞ்சி பத்தலடி, இன்னும் ஒரு கொதி விடு" என்று உள்ளே குரல் கொடுப்பாள். அம்மா மசாலா கொதித்ததும் கறியைப் போடுவதற்கு முன்பே ஒரு சின்னச் சட்டியில் குழம்பை மொண்டு தனியே வைத்து, அதில் கத்திரிக்காயும் மொச்சையும் போடுவாள். ஒரே அம்மி, ஒரே மசாலா, இரண்டு சட்டி, இரண்டு கரண்டி. அந்தக் கரண்டிகள் ஒரு நாளும் மாறியதில்லை.

ராத்திரிதான் உண்மையான விருந்து. மத்தியானக் குழம்பு சுண்டிக் கெட்டியாகி, எண்ணெய் மேலே மிதக்கும். தோசைக்கு அதைத் தொட்டுக்கொள்ள நாங்கள் அடித்துக்கொள்வோம். அப்பாவுக்கு நல்லி எலும்பு, அண்ணனுக்கு ஈரல், எனக்கும் தம்பிக்கும் நெஞ்செலும்பு என்று கணக்காகப் போகும். கடைசியில் அம்மா சட்டியில் ஒட்டிய மசாலாவில் ஒரு கை சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவாள். "உனக்கும்மா?" என்றால், "எனக்குக் குழம்பே போதும்" என்பாள். அந்தச் சட்டிச் சோற்றிலும் ஆளுக்கு ஒரு உருண்டை வாங்கித் தின்றிருக்கிறோம்.

இந்த இதழ் முழுக்க வீட்டு ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றியது. இந்தப் பேச்சை எடுத்தாலே சைவம் உயர்ந்ததா, அசைவம் நல்லதா என்ற வாக்குவாதம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. நம்மிடம் இரண்டும் உண்டு. திருக்குறளில் புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. புறநானூற்றின் 14ஆம் பாட்டில், உன் கை ஏன் இவ்வளவு மென்மையாக இருக்கிறது என்று கேட்ட சேர மன்னனுக்கு, சோறும் ஊனும் உண்டு பழகிய கை இது என்று பதில் சொல்கிறார் அந்தணரான கபிலர். கறி என்ற சொல்லையே பாருங்கள். மதுரையில் கறிக்கடை என்றால் ஆட்டுக்கறி. பிராமண வீட்டில் வாழைக்காய்க் கறி. யாழ்ப்பாணத்தில் மரக்கறி. சங்க காலத்தில் அது மிளகு. ஒரே சொல் எல்லா அடுப்பிலும் வெந்திருக்கிறது.

உயிரிரக்கத்தால் விட்டவரை நான் வணங்குகிறேன். ருசித்துச் சாப்பிடுகிறவரோடு சேர்ந்து சாப்பிடுகிறேன். என் மனது நிற்பது வேறோர் இடத்தில். சமைத்தவருடைய தட்டில் என்ன இருக்கிறது?

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள ஆண்களில் 83.4 சதவீதம் பேர் எப்போதாவதேனும் மீனோ கோழியோ இறைச்சியோ சாப்பிடுகிறவர்கள். பெண்களில் 70.6 சதவீதம். ஒரே வீட்டில், ஒரே அடுப்பைச் சுற்றி வாழ்கிறவர்களுக்குள் இத்தனை இடைவெளி. நம் தமிழ்நாட்டில் அப்படி இல்லை, இங்கே ஆண் பெண் இருவருமே மிகப் பெரும்பாலும் அசைவம்தான் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் சாப்பிடுவீர்களா என்ற கேள்விக்கு எங்கள் அம்மாவும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள். தட்டில் எத்தனை துண்டு விழுந்தது என்பது அந்தக் கணக்கில் வராது. செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு, நடுவில் கிருத்திகை, சஷ்டி, அமாவாசை, புரட்டாசி மாதம் முழுக்க என்று விரதங்களைக் கழித்துவிட்டால் அம்மாவுக்கு மிஞ்சியது சில நாள்தான். அந்தச் சில நாளும் குழம்பே போதும்.

அதே ஆய்வுதான் இன்னொன்றையும் சொல்கிறது. தமிழ்நாட்டில் அந்த வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இருவரில் ஒருவருக்கு மேல். மாதவிலக்கு, பிள்ளைப்பேறு, குடற்புழு என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. சாப்பாடு அதில் ஒன்று. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். கீரையிலும் பயறிலும் இருப்பதை அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ளாது. அதற்காகக் காய்கறிச் சாப்பாடு குறைந்தது என்று ஆகிவிடாது. முருங்கைக்கீரையோ தட்டைப்பயறோ சாப்பிடும்போது கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ காபி குடித்தால் சேருவது தடைபடும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். எந்தச் சாப்பாடானாலும் அது வயிறு நிறையக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

சின்ன வயதில் எங்கள் தெருக் கோடியில் வயல் வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள் இருந்தன. அங்கே ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் அடுப்பு எரியும், அதுவும் விளக்கு வைக்கிற நேரத்தில். வெயிலெல்லாம் நடவு நட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து, விறகை ஊதி உலை வைப்பார்கள். கம்போ சோளமோ, வாய்த்தால் அரிசியோ. வியாழக்கிழமை சந்தையில் வாங்கிய கருவாடு இருந்தால் தெருவே மணக்கும். இல்லாவிட்டால் வரப்போரம் பறித்து மடியில் கட்டிவந்த கீரை. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள், அதுதான் மறுநாள் காலைக்கும் மத்தியானத்துக்கும். மிஞ்சாவிட்டால் மறுநாள் யார் பட்டினியோடு வயலுக்குப் போனார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வீடுகளில் சைவமா அசைவமா என்ற பேச்சே எழுந்ததில்லை. கையில் என்ன கிடைத்ததோ அது.

இப்போது சென்னையில் என் வீட்டில் கரண்டி என் கையில். மகள் இரண்டு வருடமாக மீன்கூடத் தொடுவதில்லை. ஒரு கோழியை அறுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள், இனி முடியாது என்று சொல்லிவிட்டாள். மகனுக்கோ மீன் இல்லாமல் சோறு இறங்காது. நான் அம்மா செய்ததையே செய்கிறேன். புளிக்குழம்பு கொதித்து மசாலா வாடை போனதும் பாதியைத் தனிச் சட்டியில் மொண்டு மாங்காயும் முருங்கைக்காயும் போடுவேன். மீதியில் மீன். அலுவலகம் விட்டு வந்து ஏழு மணிக்கு அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு இது ஒரு சின்ன ஒத்தாசை, செய்து பாருங்கள். முதலில் தனியே எடுத்துவிட வேண்டும், அதுதான் முக்கியம்.

போன மாதம் ஒரு புதன்கிழமை ராத்திரி. சங்கரா மீன், ஆறு துண்டு. வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் வைத்து, மறுநாள் மகனின் டப்பாவுக்கு என்று இரண்டை எடுத்து மூடிவிட்டு உட்கார்ந்தேன். மகள் என் தட்டைப் பார்த்தாள்.

"உனக்கும்மா?"

"எனக்குக் குழம்பே போதும்டா."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. மீனைத் தொடாத பிள்ளை எழுந்து போய், மூடி வைத்ததைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். எனக்குச் சற்று நேரம் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிறே ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. கறி நானே வாங்கி வந்து, நானே வைத்தேன். உப்பு பார்க்க அம்மா கையை நீட்டினாள். ரேகையெல்லாம் தேய்ந்த அந்த உள்ளங்கையில் நன்றாக ஊதி ஒரு சொட்டு விட்டேன். "சரியா இருக்கு" என்றாள். முதல் தட்டு அம்மாவுக்குப் போட்டேன், நல்லி எலும்போடு. "இது எதுக்குடி எனக்கு, பிள்ளைகளுக்கு வை" என்று எடுத்தாள். நான் சட்டியை மூடிவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் எலும்பைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு தட்டின் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, உறிஞ்சத் தொடங்கினாள்.

உங்கள் வீட்டில் ராத்திரி கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவர் யார், அவர் தட்டில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். கறியோ, கீரையோ, எதுவானாலும் சரி. அஞ்சலட்டையில் நாலு வரி போதும். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை உங்களுக்கே தருகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்