படகுக்கு யார் பொறுப்பு?

நம்ம யூனியன் டூர் என்றால் தேக்கடி, இல்லாவிட்டால் கொடைக்கானல். வசூலுக்கு ஒரு கமிட்டி, சாப்பாட்டுக்கு ஒரு கமிட்டி. படகுச் சவாரிக்கு? ஒருத்தரும் இல்லை.

தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். வதோதரா ஹர்ணி ஏரியில் 2024 ஜனவரி 18 அன்று 12 மாணவர்கள், 2 ஆசிரியைகள். அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார்கள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லை.

இங்கிலாந்தில் 1993ல் லைம் விரிகுடாவில் துடுப்புப் படகில் போன 4 மாணவர்கள் இறந்தார்கள். 1995ல் சட்டமே வந்துவிட்டது. சாரணர்களைக் கூட்டிப்போகும் தலைவருக்கும் அங்கே பெர்மிட் வேண்டும். எந்த மாதிரித் தண்ணீர் வரை என்பதும் அதில் இருக்கும்.

"எங்களுக்கு நீச்சல் தெரியும்ப்பா" என்பீர்கள். திருமுக்குளத்துலயும் ராஜபாளையம் தோட்டத்துக் கிணத்துலயும் பழகினது பேண்ட், ஷூவோட விழுந்தா உதவுமா? (ஜாக்கெட் போட்டா போட்டோ நல்லா வராதாம்!)

நீச்சலும் முதலுதவியும் தெரிந்த ஒருவரைப் படகுப் பொறுப்பாளராகப் போடுங்கள். தலையை எண்ணட்டும், ஜாக்கெட் வாரை இழுத்துப் பார்க்கட்டும். அவர் "வேண்டாம்" என்றால் யூனியன் செயலாளரே ஆனாலும் இறங்கணும். டிக்கெட் காசு போனால் யூனியன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.